சீனாக் கொழுக்கட்டைக் கடையில் லில்லி

லில்லி தென்னேரியிலிருந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்க ஆபீசுக்கு டைப் அடிக்க வருவாள். கட்டிவரும் சோறு வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் ஊசிப்போய்விடும். ஓட்டலுக்குத் தனியாகப் போனாலோ, சாம்பார் வாளியோடு நிற்கிறவர்கூட ஏற இறங்கப் பார்ப்பார். பாதி நாள் டீயும் பன்னும்தான்.

1969இல் ஆபீசின் பின்சந்தில் மணியம்மாள் கடை போட்டாள். ரங்கூனில் ஒரு சீனக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஊர் திரும்பியபோது கையில் நகை இல்லை. ஆவியில் வேகவைக்கும் மூங்கில் தட்டுகள் இருந்தன. செட் சாப்பாடு முக்கால் ரூபாய்: கறியும் முட்டைக்கோசும் அடைத்த ஆறு கொழுக்கட்டை, ஒரு கிண்ணம் சூப், தொட்டுக்கொள்ள மிளகாய்க் காடி.

"குந்தும்மா, சூடா துண்ணு. இங்க உன்ன யாரும் பாக்கமாட்டாங்க."

பார்ப்பதற்கு ஆளே இல்லை. உள்ளே வைப்பது தவளைக்கறி என்று ஊருக்குள் பேச்சு.

"ஏம்மா லில்லி, சீனாக்காரனோட சண்டை முடிஞ்சு ஏழு வருசம்கூட ஆவல. அவன் சோத்தைத் துண்ணுக்கினு இருக்கிறியே!" என்றார் ஹெட்கிளார்க் பூவராகவன்.

"சண்டை போட்டது பட்டாளம் சார். கொழுக்கட்டை இன்னா பண்ணுச்சு?"

ஒருநாள் மணியம்மாள் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமையோட மூடிடறேம்மா."

லில்லி கையிலிருந்த கொழுக்கட்டையைக் கிண்ணத்தில் வைத்தாள். "உள்ளாற செய்யறதாலதான் வாய்க்கு வந்ததைப் பேசறாங்க. மாவு தேய்க்கிற பலகையை வாசல்ல போடுக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

இருவருமாகப் பலகையைத் தூக்கி வாசலில் போட்டார்கள். மணியம்மாள் மாவு வட்டத்தில் கறியை வைத்து விரல் நுனியால் கொசுவினாள். சங்கத்துக்குப் புடவை கொண்டுவந்த லோகாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள். பட்டில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். மூன்று கொழுக்கட்டைகளின் மடிப்பை எண்ணினாள். மூன்றிலும் பதினெட்டு.

"அய்ய, புடவைக் கொசுவம் கெட்டுது போ! எனக்கொரு செட்டு குடும்மா."

அவளுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் பூவராகவனே வந்து, குரலைத் தாழ்த்தி, "கறி இல்லாம இருக்குதா?" என்று கேட்டார். கோசும் வேர்க்கடலையும் வைத்தது தயாராக இருந்தது. நின்றபடியே ஆறு தின்று, நாக்கைச் சுட்டுக்கொண்டு, இன்னும் மூன்று வாங்கினார்.

"தவளை கிவளை இல்லியே?"

"முக்கால் ரூவாய்க்குத் தவளை கட்டுப்படியாவாது சார்," என்றாள் மணியம்மாள். சந்தே சிரித்தது.

கடையில் பெஞ்சு ஒன்று நாலானது. சங்கத்துக்கு வரும் பெண்களுக்கென்றே ஒரு பெஞ்சு. ஐந்து வருஷம் லில்லி அங்கேதான் சாப்பிட்டாள். அவள் கல்யாணத்துக்குச் சர்ச் வளாகத்திலேயே அடுப்பு மூட்டி மணியம்மாள் நானூறு கொழுக்கட்டை வேகவைத்தாள். மாப்பிள்ளையின் அத்தை முதலில் உள்ளே வெல்லத்தைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு இரண்டாம் தட்டு கேட்டாள். எல்லாம் தீர்ந்துவிடப் போகிறதே என்று லில்லி மாலையோடு ஓடிப்போய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்ட நேரம், போட்டோக்காரர் கூப்பிட்டுவிட்டார். கல்யாணப் படத்தில் அவளுடைய ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கும்.