ஓரகத்தி ஏறிய வேன்

கடலூர் மாவட்டத்தையே வெள்ளம் புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த வருடம் நடந்தது இது. நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் கார்டு. மூத்த மருமகள் நான். இளையவள் என் ஓரகத்தி.

மாசி மாதம் டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எந்த ஊரில் என்ன வேலைக்கு ஆள் தேவை, யாருக்கு எந்தப் பயிற்சி கொடுக்கலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிற குழுவாம், சென்னையிலிருந்து வந்திருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, தேறினவர்களை இலவசப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். ஒரு கார்டுக்கு ஒருவர்தான். அப்போது என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் மட்டும் கான்ட்ராக்டர் மாறி, புதிதாக வந்தவர் தன் ஆட்களை வைத்துக்கொண்டதில், இவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஓர் இடம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்கும் என்றுதான் இருந்தேன். நான் பிளஸ் டூ பாஸ், அவள் பத்தாவதோடு நின்றவள். துணைக்குத்தான் அவளைக் கூட்டிப் போனேன்.

கண்ணாடி போட்ட மேடம் ஒருவர் என்னைக் கேட்டார். "உங்களுக்கு என்ன வேலை வேணும்மா?"

"பர்மனென்ட்டுங்க."

"அது சரி. என்ன வேலை?"

"எதுவா இருந்தாலும் பரவால்லிங்க. பர்மனென்ட்டா இருந்தா போதும்."

எனக்கு முன்னால் போனவர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தால்கூட மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? அவ்வளவுதான் கேள்வி. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மரியாதை எல்லாம் கூடவே வரும். அதைத் தாண்டி ஒரு வேலைக்குப் பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மேடம் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நான் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ கணீரென்று, "வெள்ளத்துல எங்க பக்கம் அத்தனை பம்ப்செட்டும் முங்கிப் போச்சுங்க. செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டணும்னா சேத்தியாத்தோப்பு வரைக்கும் தூக்கிக்கினு போயி காத்துக் கெடக்குறோம். நான் மோட்டாருக்குக் காயில் கட்டக் கத்துக்கணும்ங்க" என்றாள்.

மேடத்தின் பேனா திறந்தது. இடம் அவளுக்குப் போனது. அடிப்பாவி!

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் என் வயிற்றெரிச்சல். தினமும் காலையில் பயிற்சி மையத்து வேன் எங்கள் தெருமுனைக்கு வரும். நீலக் கோட்டு, ஷூ, கையில் டிபன் பாக்ஸ் என்று இவள் ஏறிப் போவாள். அவள் துலக்க வேண்டிய பாத்திரமும் என் தலையில். வேன் வரும் நேரத்துக்குச் சரியாக நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அவள் ஏறுவதைப் பார்த்துப் பொரும வேண்டும், அப்போதுதான் எனக்கு அன்றைய பொழுது ஓடும். தெரு குறுகல், ஒரு பக்கம் சாக்கடை. அந்த டிரைவர் வேனைத் திருப்புவதற்குள் முன்னே போய், பின்னே வந்து, ஒரு பாடு படுவார். "இன்னும் கொஞ்சம் ஒடிச்சிருந்தா ஒரே வாட்டியில திரும்பியிருக்கும், கர்மம்" என்று எனக்குள் முணுமுணுத்துக்கொள்வேன். வேன் போன பிறகும் துடைப்பத்தோடு அங்கேயே நின்றிருப்பேன்.

அவள் ஒருநாள் பாஸாகாமல் திரும்பி வர மாட்டாளா என்று எத்தனை சாமியிடம் கேட்டிருப்பேன்! எந்தச் சாமியும் காதில் வாங்கவில்லை. பயிற்சி முடித்து, பக்கத்து வயல்காரர் மோட்டாரை அவளே கட்டி எங்கள் வாசலில் வைத்து ஓட விட்டாள். கொழுந்தனார் கைதட்டினார். மாமியார் திருஷ்டி கழித்தார். நான் மட்டும், "சத்தம் என்னமோ மாதிரி வருதே" என்றேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது.

அந்த மாதம் வீட்டுக்கு அரிசி மூட்டை அவள் சம்பாத்தியத்தில் இறங்கியது. என் வீட்டுக்காரர் தலைகுனிந்து சாப்பிட்டதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அடுப்படியில் அவளை நிறுத்தி மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன். "உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி!"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், சிரித்துவிட்டாள். கம்பி கிழித்த விரல்களை நீட்டிக் காட்டினாள். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. "எதைப் பாத்துக்கா எரியுது? நாள் பூரா குந்திக்கினு இந்தக் கம்பிய சுத்திக்கினு இருப்பியா நீ? ரேஷன் கடை க்யூவுலயே உன்னால ஒரு எடத்துல நிக்க முடியாது. மாமாவோட டிவிஎஸ்ஸ எடுத்துக்கினு ஊரச் சுத்துற ஆளாச்சே."

நிஜமாகவே காயில் கட்டுவதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம் எதற்கு இப்படி எரிகிறது? அதுதான் புரியவில்லை.

அடுத்த வருடம் அதே குழு மறுபடி வந்தது. புதுச் சுற்று என்பதால் எங்கள் கார்டுக்கு இன்னோர் இடம் உண்டு என்றார்கள். என் வீட்டுக்காரர் அப்போதும் கிடைத்த நாளுக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இதையும் விட்டால் என் கதி அவ்வளவுதான் என்று தெரியும். அதே மண்டபம், அதே மேடம், அதே கேள்வி.

'பர்' வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே பயிற்சி மையத்து வேன் பின்னால் வரும் சத்தம், கீ... கீ... என்று. என் கழுத்து தானாகத் திரும்பியது. ஜன்னல் வழியே டிரைவரின் கை ஸ்டீயரிங்கைச் சுற்றுவதைப் பார்த்தேன். இத்தனை மாதம் துடைப்பத்தோடு நின்று நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. அவள் ஏறின கதவை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததே இல்லை.

"வண்டி ஓட்டணும்ங்க" என்றேன்.

"டூ வீலரா?"

"இல்லிங்க. தோ, அந்த வேன் மாதிரி. அதைவிடப் பெரிசா இருந்தாலும் சரிங்க."

பின்னால் இருந்த ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். துணைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் செல்போனை நோண்டுவது போலக் குனிந்துகொண்டார். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இப்போது நான் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இன்றைக்கும் மாமியார் விருந்தாளிகளிடம், "பெரியவளும் வேலைக்குப் போறா, ஆனா பர்மனென்ட் இல்ல" என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் தெருமுனையில் நான் ஒரே தடவையில் வேனைத் திருப்புவேன், சாக்கடைப் பக்கம் ஒரு சக்கரம் போகாது. ஓரகத்தி மகளும் என் வேனில்தான் வருகிறாள். ஒருநாள் பிள்ளையை ஏற்றிவிட வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்து, "குந்திக் குந்தி எனக்கு முதுகே போச்சு. நீ காத்து வாங்கிக்கினு ஜாலியா போற. இப்ப எனக்கு எரியுதுக்கா" என்றாள். அடடா, அதைக் கேட்க எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா! அன்று முழுக்க தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஹாரன் அடித்தேன்.

பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்ற எண்ணமும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரையாவது பார்த்து வயிறு எரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றி அணைப்பதில்லை. எதற்காக எரிகிறது என்று முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் எனக்கு என்ன வேண்டும் என்று என் வாய்க்குத் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே என் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.