வவுணதீவில் இருந்த முதலாம் பாகம்

பழைய சட்டப் புத்தகம் தேடுகிறவர்கள் கொழும்பிலேயே தூசி தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் போன மாசியில் மட்டக்களப்புக்குப் போனேன். காரணம், என்னிடம் இரண்டாம் பாகம் மட்டும் இருந்தது. மட்டக்களப்பில் சொத்து யாருக்குப் போகும் என்ற வழக்குகளின் தீர்ப்புத் தொகுப்பு அது. தோல் அட்டை, ஓரமெல்லாம் யாரோ பச்சை மையில் எழுதிய குறிப்புகள். நான் மின் பொறியியலாளன். பாதி வயரிங்கில் விட்ட வீட்டில் எனக்கு நித்திரை வராது.

முதலாம் பாகத்தின் படத்தை முகநூலில் போட்டிருந்தவர் சிவகுமார், வவுணதீவுக்காரர். அதே பச்சை மை! இரண்டு கிழமை போனில் பேசி விலையை முடித்தேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 6.05 ரயில், இரண்டாம் வகுப்பு 1,700 ரூபா. மட்டக்களப்பில் இறங்கும்போது பின்னேரம் 3.10. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ரயிலில் விற்கிற வடையை நம்ப வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஏழு கிலோமீட்டர், ஓட்டோ 900 ரூபா. வலையிறவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் வாவி. எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு நிற்க நேரமில்லை.

வவுணதீவில் இருபது நிமிடம் சுற்றினோம். சிவகுமாரின் போன் வேலை செய்யவில்லை. மூன்று இடத்தில் கேட்டோம், அப்படி ஒரு வீடே இல்லை என்றார்கள்.

"அவர்ட மனிசிட பேர் என்ன?" என்றார் ஓட்டோக்காரர்.

"அது எதுக்கு? அவ படிப்பிக்கிறவ, தவமணி டீச்சர் எண்டு சொன்னவர்."

"தவமணி அக்காட வீடா? இத முதல்லயே பறைஞ்சிருக்கலாமே தம்பி!"

இரண்டே நிமிடத்தில் வாசலில் இறக்கினார்.

சிவகுமார் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்த நேரம், தவமணி அக்கா பாடசாலையில் பின்னேர வகுப்பு முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். கணவரிடம் திரும்பினார்.

"இந்த வீடு ஆர்ட?"

"உன்ட."

"அலுமாரி?"

"அதும் உன்ட."

"அப்ப அதுக்குள்ள இருந்த புத்தகம்?"

சிவகுமார் என்னைப் பார்த்தார். "தம்பி, தேத்தண்ணி ஆறுது, குடிங்க." பிறகு மனைவியிடம் மெல்ல, "கறையான் தின்ன முதல் ஆருக்காவது குடுப்பமெண்டுதான்கா..."

இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்து வருகிறவர் ஆண். விலை பேசுமுன் இதை விசாரித்திருக்க வேண்டும்.

அக்கா முதல் வழக்கை விரித்து என் பக்கம் தள்ளினார். "வாசிங்க. பெண்சாதிட காணிய வித்த புருசன். வித்தது செல்லாதெண்டு தீர்ப்பு. சட்டப் புத்தகம் சேக்கிற நீங்க வாசிக்கிறல்லயா?"

என் பக்க நியாயமாக, இரண்டாம் பாகத்தின் படத்தைப் போனில் காட்டினேன். அக்கா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். குரல் மாறியது.

"இது அம்மப்பாட எழுத்து. அவர் பிறக்கிராசி, கோட்டில வழக்குப் பேசின ஆள். ஆரோ ஒரு வழக்குக்கு இரவல் வாங்கிக்கொண்டு போனது, திரும்பி வரல்ல. என்ன விலைக்குத் தாறீங்க?"

"நான் விக்கிறதில்ல."

"அப்ப நானும் விக்கிறதில்ல. மகள் சட்டம் படிக்கப் போறா. வீடும் அவக்கு, புத்தகமும் அவக்கு."

படம் எடுக்க மட்டும் விட்டார். 214 பக்கம், இரண்டு மணி நேரம். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு வரி: "இதற்கு மறுப்பு, இரண்டாம் பாகம், பக்கம் 41." என் புத்தகத்தின் 41ஆம் பக்கத்தில் "அங்கே நான் சொன்னது பிழை" என்று எழுதியிருக்கும். எங்கே, என்ன பிழை என்று நான்கு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் இரண்டு புத்தகத்திலும் தன்னோடு தானே வாதாடியிருக்கிறார்.

அன்று இரவு கல்லடியில் 3,500 ரூபா அறையில் தங்கி யோசித்தேன். காலையில் அக்காவுக்குப் போன் எடுத்து, இரண்டாம் பாகத்தை மகளுக்கே தருகிறேன் என்று சொல்லி என் நிபந்தனைகளைச் சொன்னேன்: மர அலுமாரி கூடாது, இரும்பு அலுமாரி வேண்டும். நான் வரும்போதெல்லாம் வாசிக்கத் தரவேண்டும்.

"ஓம், சம்மதம். மகளும் ஓமெண்டுறா," என்றார் அக்கா. பின்னால் சிவகுமாரின் குரல்: "அலுமாரிய நான் வாங்கித் தாறன்கா!"

போகிறவர்களுக்கு: ரயிலுக்கு முற்பதிவு செய்யுங்கள். போன் சார்ஜரையும் வெள்ளைத் துணி ஒன்றையும் கொண்டுபோங்கள், பழைய பக்கத்தை விரித்துப் படம் எடுக்க உதவும். யாருடைய பொருள் என்று முதலில் கேளுங்கள்.

பங்குனிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பையில் இரண்டாம் பாகம் இருக்கும், திரும்பும்போது பை காலியாக இருக்கும். ஓட்டோக்காரரிடம் "தவமணி அக்காட வீடு" என்பேன். இருபது நிமிடம் மிச்சம்.