எட்டாவது ஆள்

அண்ணனின் வேன் கதவு உள்ளிருந்து இழுத்தால் பாதியில் நின்றுவிடும். வெளியே நின்று ஒருவர் இரண்டு கையாலும் தள்ள வேண்டும். தள்ளுகிறவர் எப்போதும் அண்ணிதான். கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் கண்ணாடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். வேன் சரிவில் இறங்கி மறையும்வரை, நைட்டிக்கு மேல் அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கேமரன் மலையில் நாங்கள் ஊர் சுற்றிய நாட்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. அண்ணி இறந்து இப்போது ஏழு மாதமாகிறது.

அவர் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே எங்கு பார்த்தாலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தார். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் காய்கறி லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு இருவரும் மலைக்குக் குடிபோனார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்களுக்கு அன்றிலிருந்து போய்த் தங்க ஒரு மலை கிடைத்தது. பள்ளி விடுமுறை விட்டால் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோரும் பஸ் ஏறிவிடுவோம்.

அண்ணனுக்கு விடுமுறைக் காலத்தில்தான் லோடு அதிகம். நாங்கள் வந்தால் மட்டும் கெஞ்சிக் கேட்டு ஒருநாள் லீவு வாங்குவார். அந்த ஒரே நாளில் ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, பாசி படர்ந்த காடு, கடைசியாகத் தேயிலைச் சரிவு. புறப்படும்போது நான் கூப்பிடுவேன். அண்ணியின் பதிலும் மாறாது.

“வளைவு ஏறுனா எனக்குத் தலை சுத்தும் பாப்பா. வேன்லயே வாந்தி எடுத்துருவேன். நீங்க போயிட்டு வாங்க லா, நான் சோறாக்கி வைக்கிறேன்.”

எனக்கு நாற்பது வயதான பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். அம்மா விடமாட்டார். “மலையிலேயே குடியிருக்கா, மலை மட்டும் ஒத்துக்காதாம். நல்ல கதை!” எல்லோரும் சிரிப்போம். எங்களைவிடச் சத்தமாக அண்ணி சிரிப்பார்.

குளிரில் நடுங்கித் திரும்பும்போது சோறும் கருவாட்டுக் குழம்பும் சூடாக இருக்கும். பரிமாறிக்கொண்டே பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். எந்தப் பக்கம் நின்றீர்கள், செடி முழங்கால் உயரமா இடுப்பு உயரமா, கீழே ஆறு தெரிந்ததா, காற்றில் தேயிலை வாசம் வந்ததா? பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். அவர்களைப் பேச வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பத்திரிகையில் இருபது ஆண்டாக எனக்குப் பிழை பார்க்கும் வேலை. படத்தில் ஐந்து முகம் இருந்து அடியில் நான்கு பெயர் இருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவேன். அண்ணனின் வேனில் ஓட்டுநரையும் சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் ஐந்து பேர், அண்ணன், அவர் மகள். அதோடு வேன் நிறைந்தது. இதை நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூருக்கு வந்து, எங்கள் வீட்டில் தங்கி, மருத்துவமனைக்குப் போய்வந்தார். ஒருநாள் மருத்துவர், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதன் பொருள் அண்ணி, அண்ணன், நான் மூவருக்கும் புரிந்தது. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவர்களோடு வேனில் மலைக்குப் புறப்பட்டேன்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் ஏற்றம் தொடங்கியதும் அண்ணிக்காகப் பிளாஸ்டிக் பையையும் புளிப்பு பிளம் பொட்டலத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வளைவு மேல் வளைவாக வந்தது. எனக்குத்தான் குமட்டியது. முன் இருக்கையில் அண்ணி தலையைச் சாய்க்காமல் மூங்கில் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணி, வாந்தி வரலையா?”

“எனக்கு எப்ப பாப்பா வந்துச்சு?” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணனைப் பார்த்தார்.

“லோரியிலதான் குடிவந்தோம்,” என்றார் அண்ணன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தாப்பாவுலேர்ந்து வீடு வரைக்கும் இவ வாய் மூடல. வேன்ல எடம் பத்தாதுன்னு சொன்னா உங்கள்ல ஒருத்தரு எறங்கிக்குவீங்களாம், அதான். வெளியே சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

“வந்தவங்கள விட்டுட்டு நான் போய் உக்காரவா?” என்றார் அண்ணி. “உங்கம்மா சும்மா இருப்பாங்களா?”

மடியிலிருந்த பையை மடித்து உள்ளே வைத்தேன். ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் கேட்டேன். “இப்ப எங்க போகணும் அண்ணி? சொல்லுங்க, போவோம்.”

அவர் யோசிக்கவே இல்லை. “அந்தத் தேயிலைத் தோட்டம். வெளியே நீட்டிக்கிட்டு ஒரு மேடை இருக்காமே.”

வீட்டைத் தாண்டி வேன் போயிற்று. குறுகிய பாதையில் மேலே ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேடைக்குப் படி ஏற வேண்டும். அண்ணி கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். அதற்கே மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் அண்ணன்.

“ஐயே, ஆளுங்க பாக்குறாங்க.” காலை உள்ளே எடுத்துக்கொண்டார். “பாப்பா, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

ஏறினேன். மேடையின் கம்பிக்கு அப்பால் வெறும் வெள்ளை. சரிவும் இல்லை, ஆறும் இல்லை. கொஞ்சம் விலகும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலகவில்லை. இனி அவரை இங்கே அழைத்துவர முடியாது என்பது எனக்குத் தெரியும். இறங்கி வந்து, அவர் பக்கம் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். செடி இடுப்பு உயரம் என்றேன். கீழே ஆறு ஒரு நூல் மாதிரி தெரிகிறது, எதிர்ச் சரிவில் இரண்டு பேர் கொழுந்து பறிக்கிறார்கள், வெயில் அந்தப் பக்கம் மட்டும் அடிக்கிறது என்றேன். படத்தில் இல்லாத ஒன்றை என் தொழிலில் நான் விட்டுவைத்ததில்லை.

அண்ணி கையை நீட்டி என் தலையைத் தொட்டார். முடியெல்லாம் பனி நீர். தன் சால்வையை எடுத்து மெதுவாகத் துவட்டினார். பிறகு, வீட்டில் சோறு பரிமாறும்போது பிள்ளைகளிடம் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

“சரி, வெயில் அடிக்குது. அப்புறம்? சொல்லு.”