இடைவேளையில் ஒரு தொடக்க விழா

எங்கள் சமுதாயக் கல்லூரியில் தையலும் செவிலியர் உதவியாளர் பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். அங்கே ஒரு பெண்கள் கால்பந்து அணி இருப்பது உத்திரமேரூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிய வைத்தே தீருவது என்று உடற்கல்வி ஆசிரியை பிடிவாதமாக இருந்தார். கல்லூரி முதல்வர் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்தப் போட்டிக்கு ஜனம் வந்து கடைசி வரைக்கும் உட்காரணும். இல்லேன்னா மைதானத்தைக் கிரிக்கெட்டுக்கே குடுத்துடலாம்."

வட்டாட்சியர் அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் விழா நடைமுறை என் பொறுப்பாயிற்று. விளக்கேற்றல், வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, அதன்பின் சிறப்பு விருந்தினர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தல். அவர் உதைக்காமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பந்தும் உருண்டதில்லை.

ஆசிரியை வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். ஆடுகிற பெண்களின் அம்மாக்களும் அத்தைகளும் வயல் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை. ஒரு கல்யாணத்தில் இருந்தார். 'கிளம்பிட்டாரு' என்று அவருடைய ஆள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். கிளம்பிவிட்டார் என்றால் இன்னும் பந்தியில் உட்காரவில்லை என்று பொருள், பணிக்காலத்தில் கற்றது.

சாயங்காலம் பால் சொசைட்டி வண்டி வருவதற்குள் மாடு கறந்தாக வேண்டும். அதற்கென்று எழுந்து போகிறவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

"இன்னா தாசில்தார் சார், ஆட்டம் உண்டா இல்லியா? மாடு கத்திக்கினு கீது," என்றார் முன்வரிசை அம்மா ஒருவர். நான் துணை வட்டாட்சியராகவே ஓய்வு பெற்றவன். அரசு தராத பதவி உயர்வைத் தந்தவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

"கிளம்பிட்டாராம்மா."

"அவரு வந்து கோலா போடப் போறாரு? எம்பொண்ணு மத்தியானத்துலேர்ந்து ஷூவ மாட்டிக்கினு நிக்குது."

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து புடவையைத் தட்டினார்கள். ஆசிரியை என்னைப் பார்த்தார்.

நடைமுறை தெரிந்தவனுக்கு அதில் சந்து எங்கே என்பதும் தெரியும். நிகழ்ச்சி நிரலில் 'ஆட்டத்தைத் தொடங்கி வைத்தல்' என்றுதான் இருந்தது. எந்தப் பாதியை என்று இல்லை.

"இடைவேளைக்கு அப்புறமும் நடுவுலேர்ந்துதானே உதைப்பாங்க? அதை அவருக்கு வச்சிடுங்க," என்றேன்.

முதல்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கோச்சிக்கிட்டாருன்னா?"

"பொன்னாடை அப்படியே இருக்கு சார். கோச்சிக்க மாட்டாரு."

ஆசிரியை நடுவருக்குக் கை காட்டினார். எதிரணி தாமல் பக்கத்திலிருந்து வந்திருந்தது. விசில் ஊதிப் பந்து உருண்டதுமே கூட்டத்திலிருந்து ஓர் அத்தை கத்தினார்.

"கையால புடிச்சிப் போடேண்டி!"

"கை படக்கூடாதாம் அத்தை. கோல்ல நிக்கிறவ மட்டுந்தான் புடிக்கலாம்."

"அவ மட்டும் இன்னா ஒசத்தி?"

முன்வரிசை அம்மாவின் மகள் ஒரு கோல் போட்டாள். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இடைவேளையில் விருந்தினர் வந்து சேர்ந்தார். கல்யாணச் சாப்பாட்டின் தயவில் சிறப்புரை சுருக்கமாக முடிந்தது. அவர் உதைத்த பந்து எப்படியோ மேடைக்கே திரும்பி வந்தது. கைதட்டினோம்.

"இப்போதான் தொடங்குதுன்னா எம்பொண்ணு போட்ட கோல் இன்னா ஆவும்?"

"அது முன்தேதியிட்டு அமலுக்கு வரும்மா."

"இன்னாவோ சொல்றீங்க. கோல மட்டும் கொறைச்சிடாதீங்க."

இரண்டாம் பாதி நடக்கும்போது பால் சொசைட்டிச் செயலாளர் பைக்கில் வந்தார். "ஏம்மா, வண்டி வந்து நின்னுகினு கீது. ஒரு வூட்டுப் பாலும் வரல. இங்க இன்னாதான் நடக்குது?"

ஒருவரும் திரும்பவில்லை. "குந்து நைனா, முடிஞ்சிரும்," என்றது ஒரு குரல்.

அவர் நேராக முதல்வரிடம் போனார். "உங்க பந்தாட்டத்தால ஒரே பேஜாரா கீது சார்." யார் எதற்குக் கத்தினாலும் மன்னிப்புக் கேட்டுப் பழகிய முதல்வர் அன்றைக்குச் சிரித்தார். செயலாளர் ஆட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அணிக்கு ஒரு கோல் என்று ஆட்டம் சமனில் முடிந்தது. அதுவரை ஒரு பெண்கூட எழவில்லை. முடிந்ததும் எல்லோரும் மாட்டைத் தேடி ஓடினார்கள். காலியான மைதானத்தில் முதல்வர் ஆசிரியையிடம் போனார்.

"அடுத்த போட்டியைப் பால் கறக்கிற நேரத்தை விட்டுட்டு வைம்மா," என்றார்.