மூன்று செங்கல் வைத்த தொட்டி

நோலீனுக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. பள்ளிக்கூடத்து உணவுக் கடையில் பாதி வாழ்நாள் சாண்ட்விச் செய்தவள். ஒரு தலைமுடி, ஒரு ஈ, யாரோ தொட்டு வைத்த ரொட்டி, எதையும் தாங்கமாட்டாள். இறால் உரித்தால் தலையையும் ஓட்டையும் ஃப்ரீசரில் உறையவைத்து, குப்பை வண்டி வரும் அன்றுதான் தொட்டியில் போடுவாள். சிட்னிக்குத் தெற்கே எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான், பக்கத்து வீட்டு வார்விக்கைத் தவிர. கிறிஸ்துமஸ் முடிந்த வெயிலில் அவன் தொட்டியைத் தாண்டிப் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

திங்கள் இரவு தொட்டிகளைத் தெருவோரம் வைப்போம். செவ்வாய் காலை வண்டி வரும். அதற்கு முன்னால் காக்கட்டூக்கள், அந்தப் பெரிய வெள்ளைக் கிளிகள், வந்துவிடும்.

கூரையில் உட்கார்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று, மஞ்சள் கொண்டையும் அதுவுமாக, கடையில் விற்கும் படம் மாதிரி இருக்கும். தொட்டியில் ஏறியபின் பார்க்க வேண்டும். ஒன்று மூடியின் ஓரத்தை அலகால் கவ்வித் தூக்கி, அப்படியே பக்கவாட்டில் நடந்து பின்னால் தள்ளிவிடும். மற்றவை உள்ளே இறங்கும். கோழி எலும்பு, ஊறிப்போன தேயிலைப் பை, பூனை கழிந்த மண், குழந்தை டயப்பர், எல்லாம் நடுத்தெருவில். வெள்ளை நெஞ்சில் பழைய இறைச்சிச் சாறு ஒழுக, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எலும்பைச் சுவைக்கும். அடிக்க முடியாது, சட்டம் இருக்கிறது.

யார் வீட்டில் என்ன தின்கிறார்கள் என்பது இப்படித்தான் தெருவுக்குத் தெரியவந்தது. நோலீன் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பாள்.

"வார்விக், ரோட்டுல கிடக்கறது உன் இறால் தலைதானே? புழு நெளியுது. வந்து பெருக்கு."

"அதுங்க சாப்பிட்டு முடிக்கட்டும் மகாராணி. பாதிப் பந்தியில எழுப்பக்கூடாது."

"நீயும் அதுங்களும் ஒரே கூட்டம்."

"அதுங்களுக்குக் கொண்டையாவது இருக்கு" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

அவள் வீட்டுத் தொட்டிமேல் மட்டும் அப்போதே ஒரு செங்கல் இருந்தது.

போன குளிர்காலத்தில் அவள் கணவன் க்ளைவுக்குப் பக்கவாதம் வந்தது. க்ளைவ் எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். தெருவில் பாதி ஆண்கள் அவனிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இடது கால் இழுத்தது. அது எல்லோருக்கும் தெரியும். இரவில் டயப்பர் கட்ட வேண்டியிருந்தது நோலீனுக்கு மட்டும்தான் தெரியும்.

"கால் இழுக்கறதை யார் வேணா பார்க்கட்டும்" என்றான் க்ளைவ். "இது மட்டும் வெளிய போகக்கூடாது, நோல். போச்சுன்னா இந்த வாசலைத் தாண்டமாட்டேன்."

அவள் இரண்டு ஊர் தள்ளிப் போய் டயப்பர் வாங்கிவந்தாள். ஈயைக் கண்டால் குமட்டுகிறவள், தினமும் காலையில் மூச்சை அடக்கிக்கொண்டு அவற்றைச் சுருட்டி, செய்தித்தாளில் மடித்து, இரட்டைப் பையில் கட்டினாள். தொட்டிமேல் செங்கல் இரண்டாயிற்று. காக்கட்டூ இரண்டையும் தள்ளக் கற்றுக்கொண்டதும் மூன்றாயிற்று.

ஆனால் கல் இருக்கும் தொட்டியை வண்டி தூக்காது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கல்லை எடுக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு செவ்வாய், சத்தம் கேட்டு ஓடினாள், மூன்றையும் எடுத்தாள். வண்டி பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. குளியலறையிலிருந்து க்ளைவ் கூப்பிட்டான். கல்லைத் திரும்ப வைக்காமல் உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது ஆறேழு காக்கட்டூக்கள் வேலையை முடித்திருந்தன. இரட்டைப் பைகள் கந்தல். ஒரு வாரத்து டயப்பர்கள், சிறுநீரில் ஊதிப் பருத்து, வார்விக் வீட்டு வாசல்வரை பரவிக் கிடந்தன. ஒரு பறவை ஒரு டயப்பரின் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் துப்பிக்கொண்டிருந்தது. அலகில் ஈரமாகப் பசை தொங்கியது. அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கமானதுதான். தெருவில் வைத்து முகர்ந்தபோது வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

வார்விக் உள்பனியனோடு வந்தான். கையில் ஒரு பையும், மரப்பிடி கருகிய இறைச்சி இடுக்கியும். ஒவ்வொன்றாகக் கவ்விப் பையில் போட்டான்.

அந்த நேரம் பார்த்து ப்ரெட் ஓட்டப்பயிற்சியில் வந்தான். இப்போது கிளப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன், க்ளைவின் பழைய சீடன். கீழே பார்த்து நின்றுவிட்டான்.

"அய்யய்ய. யாரோடதுப்பா இது?"

நோலீன் திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னோடது" என்றான் வார்விக் உரக்க. "அறுபத்தொன்பது வயசாச்சு. குழாய் பழசு, வாஷர் போயிடுச்சு. இன்னொரு இடுக்கி இருக்கு, எடுத்துத் தரவா?"

"இல்ல... வேலைக்கு நேரமாச்சு." வந்ததைவிட வேகமாக ஓடினான் ப்ரெட்.

"சாயங்காலம் கிளப் முழுக்கச் சொல்லிடுவான்" என்றாள் நோலீன்.

"சொல்லட்டும். என் இறால் நாத்தத்தையே தாங்கினவங்க."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"உன் தொட்டிமேல கல்லு மூணாச்சு பாரு, அன்னிலேர்ந்து. ரொட்டித் துண்டுக்கு யாராவது மூணு கல்லு வைப்பாங்களா?"

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள். "அந்த இடுக்கியைத் தூக்கிப் போட்டுடு" என்றாள்.

உள்ளே க்ளைவ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். திரை விலகியிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாஷர் போயிடுச்சாம், கழுதை" என்றான். "ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போவோம். ரொம்ப நாளா கூப்பிடறான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் க்ளைவ் முதல்முறை வாசலைத் தாண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வார்விக் வீட்டுப் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வேலிமேல் காக்கட்டூக்கள் வரிசையாக வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன. வார்விக் அடுப்பில் சாசேஜ்களை உருட்டிக்கொண்டிருந்தான்.

நோலீன் அவன் கையைப் பார்த்தாள். மரப்பிடி. கருகிய மரப்பிடி.

"வார்விக்" என்றாள் மெதுவாக. "அது அந்த இடுக்கியா?"

"நல்ல இடுக்கி இது. எங்கப்பா வச்சிருந்தது."

"கழுவினியா?"

"வியாழக்கிழமை மழை பெஞ்சுதே."

க்ளைவ் இரண்டாவது சாசேஜுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் எண்ணெய் வழிந்தது. ஏதோ பழைய ஆட்டத்தின் கதையை ஆரம்பித்திருந்தான். கதையின் பாதியில் அவளைப் பார்த்து, "நீ சாப்பிடலையா, நோல்?" என்றான்.

நோலீன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனாள்.

"எனக்கு நல்லா கருக்கிக் கொடு" என்றாள்.