அப்பாவுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தது

அப்பாவைப் போல ஒரு மக்கு மாணவரை நான் பிறகு பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன இந்த வயதிலும் அதைத்தான் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார்.

அப்பா சங்கு குளிக்கிறவர். ஒரு காதின் சவ்வு கிழிந்துபோனது. இன்னொரு தடவை ஆழத்துக்குப் போனால் மற்ற காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் ஊரை ஒட்டிய புதுக்கோட்டையில் இலவசமாக நடந்த வெல்டிங் பயிற்சியில், மீசை முளைக்காத பையன்களோடு போய்ச் சேர்ந்தார். பரீட்சையில் தேறினால் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் கடல்தான். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வாரம் மணிக்கட்டில் கட்டோடு வந்தார். தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம், சூடான வெல்டிங் ராடு கையில் பட்டுவிட்டதாம். விசாரித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. ராடில் நெருப்புப் பொறி கிளம்பியதும் அப்பா மூச்சை அடக்கிக்கொள்கிறார். அது எரிந்து தீரும்வரை விடுவதில்லை. அடுத்த ராடுக்கு ஒரு வாய்க் காற்று, மறுபடியும் அடக்கம். இருபது வருஷமாகத் தண்ணீருக்குள் வேலை பார்த்த உடம்பு. மூச்சு நின்றால்தான் அவருக்குக் கை ஆடாமல் நிற்கும்.

பயிற்சி கொடுத்தவர் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். “அண்ணாச்சி, இது கடல் இல்ல. மூச்சு விட்டுக்கிட்டே பத்தவைங்க, மொகத்த மட்டும் புகைக்கு வெளிய வச்சுக்கிடுங்க. இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா பரீட்சைக்கு அனுப்ப முடியாது” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே அதை அப்படியே ஒப்பித்தார். கேட்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூச்சு விடத் தெரியாத மனிதர்கூட உண்டா?

மறுநாள் சாயங்காலமே வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். துவைக்கிற கல்லில் சாக்பீஸால் கோடு போடுவேன். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, ராடுக்குப் பதிலாக ஒரு ஈர்க்கைப் பிடித்து, கோட்டின்மேல் மெதுவாக நகர்த்துவார். நான் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். முதுகு அசையாமல் நின்றதும் பொட்டென்று ஒரு அடி. முதல் நாள் பாதிக் கோடு தாண்டுவதற்குள் ஏழெட்டு அடி வாங்கினார். பிறகு மூச்சு விடாமலே தோளை மட்டும் ஏற்றி இறக்கி ஏமாற்றப் பார்த்தார். நானா விடுவேன்? மூக்கடியில் விரலை வைத்துப் பிடித்துவிட்டேன்.

“நாளெல்லாம் தீயில கெடந்துட்டு வாராரு, அவர விடுளா” என்றாள் அம்மா ஒருநாள்.

“அவ அடிக்கட்டும். எனக்கு வரமாட்டேங்குது” என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சட்டென்று பயமாகிவிட்டது. அதன்பிறகு விளையாட்டாக அடிக்கவில்லை, நிஜமாகவே அடித்தேன்.

ஒரு மாதம் இப்படியே போனது. மூச்சு விட்டால் கை நடுங்கும், கை நின்றால் மூச்சு நிற்கும். அலுத்துப்போய்ச் சில நாள் ஈர்க்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். தூக்கத்தில் மூச்சு ஒழுங்காக வரும். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடைசியில் மூச்சும் கையும் ஒன்றுக்கொன்று பழகின. அப்பா தேறிவிட்டார். பரீட்சையில் மூன்று ராடு, ஒரு தடவைகூட மூச்சு அடக்கவில்லையாம். ‘என் மகளுக்கு’ என்று மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தை என் கையில்தான் கொடுத்தார். அப்பாவுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பதினைந்து வருஷம் கப்பல்களின் அடித்தொட்டிகளுக்குள் உட்கார்ந்து பற்றவைத்தார். இப்போது மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார். போன வாரம் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், புகையில் வேலை பார்த்தவரா என்று கேட்டார். மூச்சு வாங்கியதால் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பயிற்சிக்காரர் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம். நான் அடித்து அடித்துப் பழக்கியது ஒன்றைத்தான். ஈர்க்கில் புகை வராது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.