இரண்டு கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருத்தம் பார்த்தது

என் மனைவியின் கம்ப்யூட்டர் திரையில், மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே பச்சைக் கோடுகள் விழுந்தன. சற்று நேரத்தில் மணப்பெண் போய்விட்டாள். கோடுகள் மட்டும் இருந்தன. பிறகு அவையும் போயின.

இருபத்திரண்டு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு, "போதும்" என்று எழுந்து வந்து, கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்யும் தொழிலில் இறங்கியிருந்தாள் அவள். சொந்தக்காரர்களின் காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் தாண்டி, வெளியாள் ஒருவர் நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. கிள்ளானில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு விருந்து. சாப்பாடு வருவதற்கு முன்னால், பெண்ணும் மாப்பிள்ளையும் தவழ்ந்த நாளிலிருந்து தாலி கட்டிய நாள் வரைக்கும் பத்து நிமிடப் படமாகப் பெரிய திரையில் ஓட வேண்டும். விருந்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இது சரியாக வந்தால் அடுத்த வேலை வரும். வராவிட்டால் மறுபடி காதுகுத்துதான்.

"கிராபிக்ஸ் கார்டு போச்சு," என்றாள். "நாளைக்கே ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சிரும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நாலு புத்தகம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருளைப் பற்றிப் படிக்க ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் கடைக்குப் போகமாட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கக் கூடாது. நான் பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

அன்று மாலைக்குள் நாற்பது கார்டுகளை இரண்டாகக் குறைத்துவிட்டேன். பெருமையாக இருந்தது. உண்மையில் சனி பிடித்தது அங்கேதான். நாற்பதில் ஒன்று என்றால் விரலை வைத்து எடுத்துவிடலாம். இரண்டில் ஒன்று என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

முதல் கார்டுக்குப் பன்னிரண்டு ஜிபி மெமரி, இரண்டாவதற்குப் பதினாறு. சரி, இரண்டாவதுதான் என்று முடிவு செய்து தே தாரேக் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மெமரிக்குப் போகும் பாதை முதல் கார்டில் அகலமாம். ஒருவரிடம் சின்னக் கிடங்கு, பெரிய சாலை. இன்னொருவரிடம் பெரிய கிடங்கு, ஒற்றையடிப் பாதை. ஃபெடரல் ஹைவே நெரிசலில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சாலைக்கே ஓட்டுப் போட்டேன். உடனே கடிகார வேகம் என்று ஒன்று வந்தது. அதில் இரண்டாவது முந்தியது. என்ன கடிகாரம், யாருக்கு மணி காட்டுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் முதல் கார்டை அரக்கன் என்றார். அடுத்தவர் அதையே குப்பை என்றார். இரண்டு பேருமே துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஓட்டித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாண வீடியோவில் பொதுவாக யாரும் யாரையும் சுடுவதில்லை.

கடைசியில் எக்செல்லில் அட்டவணை போட்டேன். மெமரி, பாதை, வேகம், மின்சாரம், சூடு, விசிறிச் சத்தம் என்று பத்து வரிகள். பத்து என்பது தற்செயல் என்றுதான் சொல்லிக்கொண்டேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பத்துப் பொருத்தம் பார்க்காமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரிக்பீல்ட்ஸில் மேடை ஏறிப் பேசியவன் நான்.

கார்டு இல்லாமலும் அவள் கம்ப்யூட்டரில் திரை வரும். படங்களை அடுக்கி வைக்கலாம், எடிட் செய்ய முடியாது. அடுக்கி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். நான்காம் நாள் வந்து நின்றாள்.

"என்னங்க, ஆச்சா?"

"மின்சாரத்துல இழுக்குது."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ அரை மணி நேரம்கூட எடுத்துக்கல லா நீங்க."

ஆறாம் நாள் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக வந்து நின்றது. முதல் கார்டின் மேல் மூன்று விசிறிகள் இருந்தன, இரண்டாவதில் இரண்டு. மூன்று பெரிய எண். முதல் கார்டையே எடுப்பது என்று முடிவானது.

மறுநாள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும்.

"உங்க கேசிங் என்ன சைஸ், அங்கிள்?"

கேசிங் என்பது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி. அதற்குப் பதிலாக நான் அவருக்கு அகலச் சாலையின் முக்கியத்துவத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது ஓகே அங்கிள். கேசிங்?"

"சாதாரண கேசிங்தாம்மா."

"சாதாரணம்னா?"

"கறுப்பு."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "பெட்டியைப் பிரிச்சா மாத்தித் தர முடியாது. பரவாயில்லையா?"

"மாத்துற அவசியமே வராது. ஆறு நாள் படிச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். முக்கால் முழ நீளம், கனத்தில் ஒரு கைக்குழந்தை. மனைவியின் கம்ப்யூட்டரோ, மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த ஒல்லிப்பிச்சான். நேராக வைத்தேன், போகவில்லை. சாய்த்து வைத்தேன். தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தேன். அவள் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து அளந்தாள். கார்டு முப்பத்து மூன்று சென்டிமீட்டர். உள்ளே இருந்த இடம் இருபத்தைந்து.

"அந்த இன்னொண்ணு?"

"இருபத்து நாலு," என்றேன். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை. நீளம் பதினோராவது வரியாக வந்திருக்க வேண்டும். நான்தான் பத்தோடு நிறுத்திவிட்டேனே.

"ரெண்டு மாப்பிள்ளையையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு ஆறு நாள் பொருத்தம் பார்த்திருக்கீங்க. பொண்ணு யாருன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்ல?"

விருந்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டே அவள் என் மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே என் கம்ப்யூட்டர் நின்றுகொண்டிருந்தது. இடுப்புயரக் கேசிங், கண்ணாடிக் கதவு, நிறம் மாறும் விளக்குகள். அதுவும் ஓர் அட்டவணை போட்டு, எதிர்காலத்தை மனதில் வைத்து வாங்கியதுதான். எதிர்காலம் வரவில்லை.

"இதுல நீங்க என்ன செய்றீங்க?"

"கட்டுரை எழுதறேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"இடம்," என்றேன்.

"தூக்குங்க."

அவள் மேசைக்குத் தூக்கிப் போனேன். திருகாணி, வயர் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். நான் டார்ச் பிடித்தேன். கார்டு உள்ளே போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டது. திரையில் மணப்பெண் கோடில்லாமல் சிரித்தாள். அந்தக் கம்ப்யூட்டர் என்னிடம் திரும்பி வரவில்லை. இதை நான் ஒல்லிப்பிச்சானில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பது இன்னொரு எரிச்சல்.

படம் நேரத்துக்கு ஓடியது. மண்டபத்து ப்ரொஜெக்டரின் புண்ணியத்தில் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் தலைமுடி கத்தரிப்பூ நிறம். பன்னிரண்டு ஜிபி, அகலச் சாலை, மூன்று விசிறி, எல்லாம் இதற்குத்தானா? கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. பெண் சிறு வயதில் அரிசி வாளிக்குள் உட்கார்ந்திருந்த படத்துக்கு மண்டபமே சிரித்தது; அவளுடைய அப்பா எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். பக்கத்து மேசையிலிருந்து ஓர் ஆன்டி வந்து, தன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று சொல்லி மனைவியின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

நான் மெதுவாக எழுந்தேன், ப்ரொஜெக்டரின் அடியில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் என்னதான் போட்டிருக்கிறது என்று பார்க்க.

மனைவி நம்பர் கொடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க. பிரியாணி வருது."